நம்பி அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கர்

(தென்காசியில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக நடந்த கேரம் பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இந்த முகாமில் உங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று உண்டு. "சார், எந்த ஸ்ட்ரைக்கர் வாங்கலாம்?" வெயிட்டா வாங்கலாமா, லேசா வாங்கலாமா, உள்ளே படம் பதித்து வருகிறதே அது நல்லதா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது என்பதால் இன்றைய பேச்சுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்ட்ரைக்கரால் எவ்வளவு பெரிய அடி விழுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். சாதாரண அடி எத்தனை தடவை தவறாமல் விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள். போட்டியை ஜெயித்துக் கொடுப்பது அந்தச் சாதாரண அடிதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

முதலில் விதியைப் பார்ப்போம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. குறுக்களவு 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உலோகமும் தந்தமும் கூடாது. இந்த எல்லைக்குள் உங்களுக்குப் பிடித்த ஸ்ட்ரைக்கரை நீங்களே கொண்டுவந்து ஆடலாம். காயின் 5 முதல் 5.5 கிராம், குறுக்களவு 3.02 முதல் 3.18 செ.மீ. பாக்கெட்டின் வாய் 4.45 செ.மீ. போர்டின் உட்புறம் ஒரு பக்கத்துக்கு 73.5 முதல் 74 செ.மீ. போர்டும் காயினும் இரண்டு பேருக்கும் பொது. ஸ்ட்ரைக்கர் மட்டும்தான் உங்கள் சொந்தத் தேர்வு. அதனால்தான் அதில் இத்தனை ஆசை, இத்தனை குழப்பம்.

வெயிட்டான ஸ்ட்ரைக்கர் என்றால் காயின் பறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளஸ் ஒன் இயற்பியல் படிப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மோதலில் ஆற்றல் எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5.5 கிராம் காயினை நேராக அடித்தால், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல 1.46 மடங்கு வேகத்தில் காயின் கிளம்பும். அதே வேகத்தில் வரும் 12 கிராம் ஸ்ட்ரைக்கர் என்றால் 1.37 மடங்கு. காயினுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் 7 விழுக்காடுகூட இல்லை. இனி மறுபக்கம். மோதிய பிறகு ஸ்ட்ரைக்கரிடம் மிஞ்சும் வேகம் எவ்வளவு? 15 கிராமில் 0.46 பங்கு, 12 கிராமில் 0.37 பங்கு. இது ஏறத்தாழ கால் பங்கு அதிகம். பவுடர் போட்ட பலகையில் உரசி நிற்பதற்குள் அது ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வெயிட்டான ஸ்ட்ரைக்கர் காயினை அடித்த பிறகு ஒன்றரை மடங்குக்கும் மேல் தூரம் ஓடும்.

இதன் பொருள் என்ன? மூன்று கிராம் கூட்டியதில் காயினுக்குக் கொஞ்சம் லாபம். ஆனால் அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கும் என்பது பெரிதாக மாறிவிடுகிறது. அது காயினின் பின்னாலேயே போய்ப் பாக்கெட்டில் விழலாம். ஓரமாக நின்ற உங்கள் காயினைத் தட்டிக் கெடுக்கலாம். எதிராளியின் காயினை அவருக்குத் தோதான இடத்தில் கொண்டுபோய் வைத்துக் கொடுக்கலாம். ஸ்ட்ரைக்கர் தனியாகப் பாக்கெட்டில் விழுந்தால் முறை போகிறது, ஏற்கெனவே போட்ட ஒரு காயினும் டியூவாக வெளியே வந்து நடுவட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பார்ப்பவர் காயினைப் பார்க்கிறார். ஆடுபவர் ஸ்ட்ரைக்கரையும் பார்க்க வேண்டும்.

லேசான ஸ்ட்ரைக்கர்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. விரலில் வலு உள்ளவருக்கும் மெதுவாக அடித்துப் பழகியவருக்கும் 15 கிராம் அருமையாகப் பணியும். எந்த எடையானாலும் அது உங்கள் கைக்கு அடங்குகிறதா, மெதுவான அடியிலும் வேகமான அடியிலும் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. அடிக்கடி ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டுக்குள் போகிறது என்றால் விரலைக் குறை சொல்லும் முன் ஒரு கிராம் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தது கட், அதாவது காயினை ஓரத்தில் தொட்டுப் பக்கவாட்டில் திருப்பும் அடி. இந்த ஊரில் ஒரு பையன் நல்ல மெல்லிய கட் ஒன்று போட்டால் சுற்றி நிற்பவர்கள், "எப்படி அடிச்சான் பாத்தியாலே!" என்று கத்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த அடியில் எவ்வளவு பிழை பொறுத்துக்கொள்ளப்படும் என்று பாருங்கள். காயினை நேருக்கு நேர் அடிக்கும்போது ஸ்ட்ரைக்கர் ஒரு மில்லிமீட்டர் விலகிப் பட்டால், காயின் போகும் திசை சுமார் 1.6 பாகை மாறும். 30 செ.மீ. தூரத்தில் அது 8 மில்லிமீட்டர் விலகல். அதே ஒரு மில்லிமீட்டர் பிழை 60 பாகை கட்டில் வந்தால் விலகல் இரண்டு மடங்கு. 16 மில்லிமீட்டருக்கு மேல். 31 மில்லிமீட்டர் காயின் எங்கும் இடிக்காமல் 44.5 மில்லிமீட்டர் பாக்கெட்டுக்குள் நுழைய இரு பக்கமும் இருக்கும் இடம் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் விலகினால் ஓரத்தில் தட்டி விழலாம், விழாமலும் போகலாம். 16 மில்லிமீட்டர் விலகலோடு வந்த காயினை நம்பி யாரும் போர்டை ஜெயிக்க முடியாது.

ஸ்ட்ரைக்கரின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்ட்ரைக்கர் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு ஒரே பிழை காயினை அதிகமாகத் திருப்பும். நெருக்கத்தில் நுழைத்து அடிக்கலாம் என்று சிறிய ஸ்ட்ரைக்கரைத் தேடுபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போதாவது வரும் ஒரு நெருக்கடியான அடிக்காக, ஒவ்வொரு போர்டிலும் வரும் பத்து அடிகளில் பிழையைக் கூட்டிக்கொள்வது லாபமில்லை.

இனி புள்ளிக் கணக்கு. ஒரு கேம் 25 புள்ளி அல்லது 8 போர்டு (ஒருவர் தன் காயின் எல்லாவற்றையும் போட்டு முடிக்கும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு போர்டு). போர்டை ஜெயித்தவருக்கு எதிராளியின் காயின் எத்தனை மீதமோ அத்தனை புள்ளி. சிவப்புக் காயினான ரெட்டை ஃபாலோவோடு, அதாவது உடனே தன் காயின் ஒன்றையும் சேர்த்து, அவரே போட்டிருந்தால் 3 புள்ளி கூடுதல். 22-ஐத் தொட்ட பிறகு ரெட்டுக்குப் புள்ளி கிடையாது. ஒரு போர்டில் கிடைக்கக்கூடிய உச்சம் 12.

இரண்டு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் போர்டிலேயே ஒயிட் ஸ்லாம் அடிக்கிறார். ஒரே முறையில் ஒன்பது காயின், ரெட், 12 புள்ளி. அரங்கம் எழுந்து நிற்கிறது. பிறகு இன்னொரு போர்டில் 5 புள்ளி எடுக்கிறார். மற்றவர் ஸ்லாம் எதுவும் அடிக்கவில்லை. ஐந்து போர்டுகளில் எதிராளிக்கு இரண்டு காயின் மீதம் இருக்கும்போது முடிக்கிறார், ரெட்டையும் எடுத்துவிடுகிறார். போர்டுக்கு 5 புள்ளி வீதம் 25. கேம் 25-17 என்று முடிகிறது. மறுநாள் ஊர் பேசுவது ஸ்லாமைப் பற்றி. அடுத்த சுற்றுக்குப் போவது இரண்டாமவர்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தோற்கும் போர்டிலும் நீங்கள் போட்ட ஒவ்வொரு காயினும் எதிராளியின் புள்ளியில் ஒன்றைக் குறைக்கிறது. ஆறு காயின் மீதம் வைத்துத் தோற்பதும் ஒரு காயின் மீதம் வைத்துத் தோற்பதும் ஒன்றல்ல. எனவே கேரமில் வீணான காயின் என்று ஒன்று கிடையாது. பாக்கெட் வாசலில் நிற்கும் காயின் சுலபம்தானே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, காயினைச் சட்டத்தில் மோதவிட்டுப் போடும் டபுளுக்குப் போகிறவர், கையில் இருந்த ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சுலபமானதைத் தவறவிடக் கூடாது என்ற இந்தப் பாடத்தை வெளிப்படையாகக் கற்றுக்கொடுக்கும் இன்னொரு ஆட்டம் டென்பின் பவுலிங். சென்னை, பெங்களூரு மால்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்துப் பின்னை நிறுத்தி, கனமான பந்தை உருட்டிச் சாய்ப்பது. தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷபீர் தன்கோட் நம் சென்னைக்காரர்தான். அந்த ஆட்டத்தில் பந்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனிக் கலை. பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. ஓடுபாதையின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். கடைசிப் பகுதி உலர்ந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்ற மேலுறை கொண்ட பந்துகள் வந்தன. அவை எண்ணெயில் வழுக்கிப் போய், உலர்ந்த பகுதியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு சட்டென்று வளைந்து உள்ளே பாயும். இந்த வளைவுக்கு ஹூக் என்று பெயர். கண்ணுக்கு விருந்து.

ஹூக் வெறும் ஜாலம் இல்லை. கோணத்தில் நுழையும் பந்து பின்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தள்ளுவதால் பத்தும் ஒரே உருட்டில் விழும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அதிகம் வளையும் பந்து பாதையின் நிலைமைக்கும் அதிகமாக ஆட்படுகிறது. ஆட ஆட எண்ணெய் தேய்கிறது, இடம் மாறுகிறது. முதல் கேமில் சரியாக வந்த பந்து மூன்றாவது கேமில் சீக்கிரமே வளைந்து வேறெங்கோ போகிறது. அதனால்தான் விவரமான ஆட்டக்காரர்கள் மிஞ்சி நிற்கும் ஒற்றைப் பின்னைச் சாய்க்க, வளையாமல் நேராகப் போகும் பிளாஸ்டிக் பந்து ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பந்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

கைதட்டாத பந்தின் மதிப்பை எண்ணில் பாருங்கள். பத்துப் பின்னும் முதல் உருட்டில் விழுந்தால் ஸ்ட்ரைக். 10 புள்ளியோடு அடுத்த இரண்டு உருட்டின் புள்ளியும் சேரும். இரண்டு உருட்டில் விழுந்தால் ஸ்பேர்; 10 புள்ளியோடு அடுத்த ஓர் உருட்டு சேரும். ஒருவர் பத்து ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து ஸ்ட்ரைக் போடுகிறார். மற்ற ஐந்திலும் ஒன்பது பின்னைச் சாய்த்துவிட்டுக் கடைசிப் பின்னைத் தவறவிடுகிறார். அவர் மொத்தம் 140. இன்னொருவர் ஒரு ஸ்ட்ரைக்கூடப் போடவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்பது, அடுத்த உருட்டில் மிச்சம் இருக்கும் ஒன்று. கடைசியில் கிடைக்கும் கூடுதல் உருட்டிலும் ஒன்பது. அவர் மொத்தம் 190. ஐந்து ஸ்ட்ரைக் போட்டவர் 50 புள்ளி பின்னால் நிற்கிறார்.

மறுபடி நம் போர்டுக்கு வருவோம். பவுலிங்கில் எண்ணெய் செய்யும் வேலையை நம் ஊரில் சாரல் செய்கிறது. ஆனியும் ஆடியும் வந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் தூவி, தென்காசி வரைக்கும் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஊருக்கு அது வரம். பிளைவுட் பலகைக்கு அப்படி இல்லை. ஈரத்தை வாங்கிய பலகை லேசாக உப்புகிறது; போரிக் பவுடர் கட்டிபிடித்துத் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது. சித்திரையில் பாக்கெட் வரை போன அடி, ஆடியில் பாதியில் நின்றுவிடும். உடனே பையன்கள் செய்வது, இன்னும் வெயிட்டான ஸ்ட்ரைக்கரைத் தேடுவது. அது கொஞ்சம் உதவும். ஆனால் சீசன் முடிந்து போர்டு காய்ந்ததும் அதே ஸ்ட்ரைக்கர் கைக்கு அடங்காமல் ஓடும். கை இரண்டு பழக்கத்துக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

கோளாறு பலகையில் இருக்கும்போது ஸ்ட்ரைக்கரை மாற்றாதீர்கள். பலகையைச் சோதிக்க விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. பவுடர் போட்ட போர்டில் 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் அது குறைந்தது மூன்றரைத் தடவையாவது போய்வர வேண்டும். அவ்வளவு ஓடவில்லை என்றால் பலகையைக் கவனியுங்கள். ஆட்டத்துக்கு முன் பழைய பவுடரை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகத் தூவுங்கள். பவுடர் டப்பாவை இறுக மூடி வையுங்கள். போர்டுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பை ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்பே போட்டுவிடுங்கள்; வெளிச்சத்தோடு சூடும் கிடைக்கும். ஈரச் சுவரில் போர்டைச் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துபோகும்.

இப்போது கடையில் நிற்கிறீர்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் எடை. உறையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். தெரிந்த நகைக்கடையில் கேட்டால் தராசில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். பிறகு அடிப்பக்கம். ஸ்ட்ரைக்கரைக் கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தை விரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளி ஆடினாலும் வேண்டாம். ஆடும் ஸ்ட்ரைக்கர் பலகையில் நேராகப் போகாது. மூன்றாவது விளிம்பு. நகத்தை விளிம்பு நெடுகச் சுற்றி ஓட்டுங்கள். எங்காவது தடுக்கினால் அங்கே ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த இடம் காயினில் பட்டால் திசை மாறும், எப்போது படும் என்று உங்களுக்குத் தெரியாது. நிறமும் உள்ளே பதித்த படமும் உங்கள் விருப்பம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது சோதனை போர்டில். பேஸ் லைனில் ஒரே இடத்தில் ஸ்ட்ரைக்கரை வைத்து, எதிர்ச் சட்டத்தை நோக்கி நேராக அடியுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இதை மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று விதத்திலும் செய்யுங்கள். பிறகு ஒரு காயினைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து நேர் அடி இருபது, லேசான கட் இருபது அடியுங்கள். விழுந்ததை ஒரு பத்தியிலும், ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து விழுந்ததை இன்னொரு பத்தியிலும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஸ்ட்ரைக்கரில் எது நல்லது என்று நண்பனிடம் கேட்க வேண்டாம், அந்த நோட்டு சொல்லிவிடும். களைத்திருக்கும் ஒரு நாளிலும் சாரல் அடிக்கும் ஒரு நாளிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். நல்ல நாளில் எது அதிகம் போட்டது என்பதைவிட, மோசமான நாளில் எது குறைவாகத் தவறவிட்டது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். போட்டியில் ஓர் அடிக்கு 15 விநாடிதான். அந்த நேரத்தில் ஸ்ட்ரைக்கரைப் பற்றிய சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

ஒரு கேள்வி உங்கள் மனதில் இருக்கும். பெரிய ஆட்டக்காரர்கள் ஸ்லாம் அடிக்கிறார்களே, கட்டும் டபுளும் போடுகிறார்களே? போடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்லாம் என்பது ஒன்பது காயினையும் ரெட்டையும் இடையில் ஒருமுறைகூடத் தவறாமல் போடுவது. அதில் பெரும்பகுதி சுலபமான அடி, ஒவ்வொன்றும் அடுத்த அடிக்கு வழிவைத்து அடித்த அடி. ஜாலமாகத் தெரிவது தவறாமையின் உச்சம். டபுளும், கட்டைவிரலால் அடிக்கும் தம்பும் கற்றுக்கொள்ளுங்கள். வேறு வழி இல்லாத இடத்தில் அவை தேவைப்படும். அவற்றுக்காக மட்டும் ஒரு ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்த ஆட்டத்தில் தமிழ்நாடு சாதாரண மாநிலம் இல்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் நம்மவர். கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் கொண்டுவந்தார். 2025-இல் காசிமேட்டுக் கீர்த்தனா மாலத்தீவில் தங்கம் வென்றார். வடசென்னையின் குறுகலான தெருக்களில், சின்ன கிளப்புகளில் வளர்ந்தவர்கள் இந்த மூன்று பெண்களும். விலையுயர்ந்த கருவி எதையும் கேட்காத ஆட்டம் என்பதால்தான் அந்தத் தெருக்களிலிருந்து உலகப் பட்டம் வந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். நம் மாவட்டத்துக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் வேண்டும் என்பது என் ஆசை. தங்கச்சிமாரைப் பார்த்துத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

இங்கே வந்திருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. பக்கத்தில் இருக்கும் குற்றாலம், தமிழ்க் கவிதையை ரசிக்கக் கற்றுக்கொடுத்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர். ரசனைக்குப் பேர்போன மண் இது. ஆட்டத்தையும் நீங்கள் ரசிக்கிறீர்கள், பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறீர்கள், நன்றி. ஆனால் மெல்லிய கட்டுக்குக் கொடுக்கும் கைதட்டலில் பாதியையாவது, ஐந்தாவது போர்டில் பாக்கெட் ஓரக் காயினைப் பதறாமல் போட்ட பிள்ளைக்கும் கொடுங்கள். எதற்குக் கைதட்டுகிறோமோ அதைத்தான் அவர்கள் வளர்த்துக்கொள்வார்கள். உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பள்ளிப் போட்டிகளில் அழகான அடிக்குப் பரிசு கொடுப்பதுபோல, டியூ குறைவாகக் கொடுத்த ஆட்டக்காரருக்கும் ஒரு பரிசு வையுங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, முகாம் இன்றோடு முடிகிறது. உங்களில் பலர் இந்த வாரமே புது ஸ்ட்ரைக்கர் வாங்கப் போகிறீர்கள். வாங்குங்கள். எடை பார்த்து, அடிப்பக்கம் பார்த்து, விளிம்பு பார்த்து, நோட்டில் எழுதிப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு ஒரு வருடத்துக்கு அதை மாற்றாதீர்கள். ஒரு போட்டியில் தோற்றால் உடனே வேறொன்று தேடிப் போகாமல், எந்த அடி தவறியது என்று எழுதி வைத்து, அந்த அடியைப் பயிற்சி செய்யுங்கள். அடுத்த ஆண்டு மாநிலப் போட்டிக்குத் தென்காசியிலிருந்து போகிறவர் உங்களில் ஒருவராக இருக்க வேண்டும். வாழ்த்துகள்.